கிள்ளைக் கழியில் தாத்தாவின் திட்டு வீடு: வரலாற்றை எங்கே தேடுவது, எப்படிப் பார்த்துக்கொள்வது?

பரங்கிப்பேட்டைக்கும் கிள்ளைக்கும் நடுவே, படகில் மட்டுமே போய்ச் சேரக்கூடிய ஒரு திட்டில் உங்கள் தாத்தாவின் ஓட்டு வீடும், ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் தோப்பும், ஒரு கிணறும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு உங்கள் குடும்பத்தில் யாரும் அங்கே தங்கவில்லை, ஒரு மீனவக் குடும்பம்தான் பார்த்துவருகிறது. அந்த இடத்தின் வரலாற்றை எப்படி அறிவது என்பது உங்கள் முதல் கேள்வி. மண்ணையும் நீரையும் கெடுக்காமல் அதை எப்படிப் பராமரிப்பது என்பது இரண்டாவது. ஆனால் உறவினர்கள் அதைத் தங்கும் விடுதியாக்கச் சொல்கிறார்கள் என்று கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்களே, அதைப் படித்தபோது நீங்கள் உண்மையில் கேட்பது மூன்றாவது ஒன்று என்று எனக்குப் பட்டது. அந்த இடம் எவ்வளவு தாங்கும் என்பதே அது. மூன்றுக்கும் விடை தேட வேண்டிய இடம் வீடு அல்ல, கிணறு என்பதுதான் என் கருத்து. அதை விளக்கவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கட்டடப் பொறியியல் படித்தவன். புதுச்சேரியிலும் கடலூர் முதுநகரிலும் பழைய சுண்ணாம்புக் கட்டடங்களைப் பழுதுபார்ப்பதே 28 ஆண்டுகளாக என் வேலை. அந்த வேலை வழியாகத்தான் உப்பங்கழியோர வீடுகளும் அவற்றின் கிணறுகளும் எனக்குப் பழக்கமாயின. உங்கள் திட்டை நான் பார்த்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகவே அதன் மண், உயரம், எல்லை பற்றி நான் சொல்வதெல்லாம் அந்தப் பகுதித் திட்டுகளின் பொதுவான இயல்பை வைத்துத்தான். சட்டம் என் துறை அல்ல. அது குறித்து நான் சொல்வதை யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கான குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பக்கமும் உப்புநீர் சூழ்ந்த மணல்திட்டில் குடிக்கும்படியான கிணறு எப்படி வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். நிலத்துக்கு அடியில் மேற்கிலிருந்து ஏதோ நல்ல நீரோட்டம் வருகிறது என்று பலரும் நம்புகிறார்கள். ஆழ்ந்த களிமண் அடுக்குக்குக் கீழே அப்படி ஓர் ஊற்று இருக்கலாம். ஆனால் ஏழெட்டு அடி ஆழக் கிணற்றில் ஊறும் நீர் அது அல்ல. அது அந்தத் திட்டின் மேலேயே பெய்த மழை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்வது மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு கனமானது என்பதால், நன்னீர் அதன் மேல் நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் தங்கிவிடுகிறது. இதன் கணக்கை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்துக் கடற்கரையில் கைபனும், பின்னர் ஜெர்மனியில் ஹெர்ஸ்பெர்கும் தனித்தனியே கண்டார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அங்குலம் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அங்குலத்துக்கு நன்னீர் இருக்கும். நடைமுறையில் இரண்டுக்கும் நடுவே கலப்பு நீர் ஓர் அடுக்காக இருப்பதால் முழு 40 கிடைக்காது. ஆனால் இந்தக் கணக்கின் மறுபக்கத்தைத்தான் நீங்கள் மறக்கக்கூடாது: மேலே ஓர் அங்குலம் இறைத்துத் தாழ்த்தினால், கீழிருந்து உப்பு 40 அங்குலம் ஏறிவரப் பார்க்கும். கிணற்றின் நேர் கீழே அது கூம்பாக எழும்பும். ஒருமுறை அப்படி எழும்பிய உப்பு, இறைப்பை நிறுத்திய மறுநாளே இறங்கிவிடுவதில்லை. மழைக்காலம் ஒன்றிரண்டு கழிந்தாக வேண்டும்.

இந்தக் கணக்கை நான் வகுப்பில் படித்திருந்தேன் என்றாலும், அது என்ன என்று புரிந்தது வெள்ளாற்று முகத்துவாரத்துக்கு அருகே ஒரு வீட்டுக் கூரை வேலைக்காகப் போயிருந்தபோதுதான். சுட்ட மண்வளையங்கள், அதாவது உறைகள், நான்கு இறக்கிய கிணறு. குனிந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர். அந்த வீட்டு ஆயா கயிற்றில் கட்டிய கொட்டாங்கச்சியைத் தண்ணீரின் மேல் படிய விட்டு, அது தானாகச் சாய்ந்து நிறையும்வரை பொறுத்து, சத்தமில்லாமல் எடுத்துக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். குடம் நிறைய அரைமணி நேரம் ஆயிற்று. வாளி போடக் கூடாதா என்று கேட்டேன். "மேலாப்புல மொண்டுக்கணும் தம்பி. அடியைக் கலக்குனா உப்பு முழிச்சுக்கும்" என்றார். அடுத்த ஆண்டு அதே வீட்டில் வெளியூரிலிருந்து வந்த மகன் அம்மாவின் சிரமத்தைப் பார்க்கப் பொறுக்காமல் அரைக் குதிரைத்திறன் மோட்டார் வைத்தார். பாசத்தில் செய்த காரியம், குறை சொல்ல முடியாது. பங்குனியில் வைத்த மோட்டார். ஆனி முடிவதற்குள் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. அந்தக் கோடை முழுக்க ஆயாவுக்குக் கரையிலிருந்து படகில் குடம் குடமாகத் தண்ணீர் போயிற்று.

ஆகவே உங்கள் கிணற்றை ஆழப்படுத்தாதீர்கள், மோட்டார் வைக்காதீர்கள், ஆழ்துளைக் கிணறு போட யார் யோசனை சொன்னாலும் ஏற்காதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீர் கூடுதலாக வேண்டுமென்றால் ஒரே இடத்தில் ஆழமாக எடுப்பதைவிட, திட்டின் நடுமேட்டில் சற்று விலகி இன்னொரு ஆழமற்ற ஊற்றுக்குழி எடுப்பது மேல். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்த உறைகிணறுகளைப் பார்த்தால், ஆற்றுமுகத்து மணலில் வாழ்ந்தவர்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சுடுமண் உறையைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. குடிக்கவும் சமைக்கவும் கிணற்றையே நம்பாமல் கூரை நீரைப் பிடித்து வையுங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் வீட்டுக் கூரை 50 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் மழையில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று கழித்தாலும் 48,000 லிட்டர் வருகிறது. நான்கு பேர் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் வீதம் தை முதல் எட்டு மாதம் குடிக்கவும் சமைக்கவும் 9,600 லிட்டர் போதும். அதாவது 10,000 லிட்டர் கொள்ளும் மூடிய தொட்டி ஒன்று இருந்தால், கிணற்றைக் குளிக்கவும் துவைக்கவும் மட்டும் தொட்டால் போதும். முதல் இரண்டு மழையின் நீரை வெளியே விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள். மிச்ச நீரைக் கழியில் ஓடவிடாமல், தோப்பின் நடுவே ஓர் ஆழமற்ற பள்ளத்துக்குத் திருப்பி மணலுக்குள்ளேயே இறங்கவிடுங்கள்.

கழிப்பறை விஷயத்தில் பலர் தவறுகிறார்கள். மணலில் உறிஞ்சுகுழி எடுத்தால் அதில் போனது சரியாக வடிகட்டப்படாமல், நீங்கள் இறைக்கும் அதே நீருக்குள் போய்ச் சேரும். அந்த இடத்துக்கு ஏற்றது, தரைக்கு மேலே கட்டிய இரண்டு அறை உலர் கழிப்பறை. ஒன்று நிறைந்தபின் சாம்பல் போட்டு மூடி, அது மக்கும்வரை மற்றொன்றைப் பயன்படுத்துவது. திருச்சி மாவட்டத்து முசிறிப் பக்கத்து ஊர்களில் இதைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். உங்களுக்கு ஐயம் இருந்தால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆழிப்பேரலையின்போது உங்கள் கிணற்றில் கடல்நீர் புகுந்திருக்கும். அப்போது நல்லெண்ணத்தோடு பல ஊர்களில் கிணறுகளை இயந்திரம் வைத்து மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். ஆழமற்ற மணல் கிணற்றில் அது பல இடங்களில் நிலைமையை மோசமாக்கிவிட்டது. மேலே விழுந்த உப்பை எடுக்கப் போய்க் கீழே கிடந்ததையும் அழைத்துக்கொண்டார்கள். அடுத்தமுறை புயல் அலை புகுந்தாலும், சேற்றையும் குப்பையையும் மட்டும் மெதுவாக எடுத்துவிட்டு மழைக்குக் காத்திருங்கள். இருபது மழைக்காலம் கடந்துவிட்டதால் உங்கள் கிணறு இப்போது தெளிந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். ஆனால் அதை ஊகத்துக்கு விடாதீர்கள். கரைந்த உப்பை அளக்கும் சிறு மின் கருவி இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு நீரே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. கிணற்று நீர் அந்த எல்லையைத் தாண்டாமல் இருக்கும்வரை அந்த இடத்தில் மனிதர் வாழலாம். கருவி உப்பை மட்டுமே சொல்லும், கிருமியைச் சொல்லாது. குடிப்பதாக இருந்தால் ஆய்வகத்திலும் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.

இனி வரலாறு. உங்கள் குடும்பத்தில் அந்த வீட்டின் அடிச்சுவர் "டச்சுக்காரர் கிடங்கு" என்று சொல்லிவருவதாக எழுதியிருக்கிறீர்கள். பரங்கிப்பேட்டையிலும் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்திலும் 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் வணிகம் செய்தது உண்மை. 1690-இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கி புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டதும், 1758-இல் பிரெஞ்சுப் படை அதைப் பிடித்து இடித்ததும் உண்மை. ஆனால் இந்த உண்மைகளிலிருந்து உங்கள் சுவருக்குப் பாலம் போட, சன்னமான பழைய செங்கல் மட்டும் போதாது. இடிந்த கட்டடத்தின் செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டுபோய் வேறிடத்தில் கட்டுவது இந்தக் கரையில் என்றும் உள்ள வழக்கம். அரிக்கமேட்டிலேயே பிற்காலத்தார் பழஞ்சுவர்களைத் தோண்டிச் செங்கல் எடுத்த பள்ளங்களை, 1945-இல் அங்கே அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் பதிவு செய்திருக்கிறார். செங்கல் பழையதாக இருக்கலாம். சுவர் பழையது என்பதற்கு அது சான்றாகாது. ஒரே வரிசையில் வெவ்வேறு அளவுச் செங்கற்கள் கலந்திருந்தால், அவை வேறெங்கிருந்தோ வந்தவை என்றே நான் முதலில் கருதுவேன்.

கூரை ஓடு இன்னும் நம்பகமான சாட்சி, ஆனால் அதிலும் ஒரு வழுக்கல் உண்டு. மங்களூர் ஓட்டின் அடிப்பக்கத்தில் தொழிற்சாலையின் பெயரும் சிலவற்றில் ஆண்டும் அழுத்தியிருப்பார்கள். "பேசல் மிஷன்" என்ற பெயரோடு 1865 என்று பார்த்தவுடன் வீட்டுக்கு ஒன்றரை நூற்றாண்டு வயது என்று மகிழ்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது அந்தத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. ஓடு சுட்ட ஆண்டு அல்ல. முதல் உலகப் போரை ஒட்டி அந்த நிறுவனம் கைமாறி "காமன்வெல்த்" என்ற பெயரில் இயங்கியது. ஆகவே காமன்வெல்த் முத்திரை இருந்தால் அந்த ஓடு போருக்குப் பிந்தியது என்று உறுதியாகச் சொல்லலாம். ஓடு மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், அதுவும் கூரையின் வயதை மட்டுமே சொல்லும்.

எழுத்துச் சான்றுகளில் முதலில் தேட வேண்டியது பத்திரத்தை. அந்தப் பகுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில், கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கையால் தேடும் வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். தென்னாற்காடு மாவட்டம் 1993-இல்தான் பிரிக்கப்பட்டது. எனவே பழைய பத்திரங்களில் "தென்னாற்காடு ஜில்லா, சிதம்பரம் தாலுகா" என்றே இருக்கும். பத்திரம் கிடைத்ததும் விலையையும் பெயரையும் பார்ப்பதோடு நிறுத்தாமல் நான்கெல்லை எழுதிய வரிகளை நிதானமாகப் படியுங்கள். "கிழக்கில் கழி, வடக்கில் சர்க்கார் புறம்போக்கு" என்பது போன்ற வரியில் திட்டின் அன்றைய உருவம் இருக்கிறது. அதை வட்டாட்சியர் அலுவலகத்தில் நில விவரங்களைக் குறித்து வைக்கும் 'அ' பதிவேட்டோடும் புல வரைபடத்தோடும், இன்று நீங்கள் நின்று பார்க்கும் கரையோடும் ஒப்பிட்டால் திட்டு எந்தப் பக்கம் தேய்ந்தது, எந்தப் பக்கம் வளர்ந்தது என்று புரியும். அதற்கும் முந்திய நிலைமைக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் நிலவரித் திட்டப் பதிவேடுகள் இருக்கின்றன. 1878-இல் கார்ஸ்டின் தொகுத்த தென்னாற்காடு மாவட்டக் கையேடும், 1906-இல் பிரான்சிஸ் தொகுத்த மாவட்ட விவரச்சுவடியும் கழிகளையும் உப்பளங்களையும் புரிந்துகொள்ள உதவும், உங்கள் வீட்டைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இருக்காது என்றாலும். 1960-களில் அமெரிக்க உளவு விண்கலங்கள் எடுத்த படங்களின் மறைப்பு 1995-இல் நீக்கப்பட்டது. அவற்றில் இந்தக் கரையோரமும் இருக்கிறது. அறுபது ஆண்டுக்கு முந்திய படத்தில் உங்கள் திட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு பிற்பகல் வேலைதான். அதில் கிடைக்கும் தெளிவு பெரிது.

வீட்டைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டு பூசாதீர்கள். கழியோரத்தில் உப்பு ஈரத்தோடு சேர்ந்து சுவருக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த முடியாது. ஈரம் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகி, வளர்ந்து, நுண்துளைகளைப் பிளக்கும். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடுவதால் அந்தப் பிளவு பூச்சிலேயே நடக்கிறது. பூச்சு உதிரும், செங்கல் பிழைத்துக்கொள்ளும், நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை உதிர்ந்த இடத்தில் மறுபடி பூசினால் போதும். சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற முடியாமல் உப்பு உள்ளேயே படிந்துவிடும். கடலூர் முதுநகரில் ஒரு வீட்டில், வெளியே பார்க்க வழவழப்பாக நின்ற சிமெண்டுப் பூச்சை உளியால் தட்டினேன். ஒரு முழ அகலப் பாளம் அப்படியே கையோடு வந்தது. அதற்குப் பின்னால் செங்கல்லின் முகம் ரஸ்க் போல விரல் பட்டதும் பொடிந்தது. அதில் விரற்கடை ஆழத்துக்கு வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. பூச்சு வேலை நடந்து ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நூறு ஆண்டு உப்புக்காற்றில் நின்ற சுவரை ஒன்பது ஆண்டுப் பாதுகாப்பு அப்படிச் செய்திருந்தது.

கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைக்கிறதா என்று கேட்டால், கிடைக்கிறது. காளவாய்கள் குறைந்துவிட்டன, அவ்வளவுதான். நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, நீரில் குறைந்தது மூன்று வாரம் ஊறப்போட்டு, ஒரு பங்குக்கு இரண்டிலிருந்து மூன்று பங்கு மணல் சேர்த்து அரைக்க வேண்டும். மணல் ஆற்று மணலாக இருக்க வேண்டும். திட்டிலேயே வாரிய மணலைப் பயன்படுத்தினால் உப்பை நீங்களே சுவருக்குள் வைத்துக் கட்டுகிறீர்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்ப்பது நம் கொத்தர்களின் வழக்கம். அது காரையை இளக்கமாக வைத்து வேலையை எளிதாக்குகிறது என்பதை நானே கண்டிருக்கிறேன். ஆனால் அளவு கூடினால் நன்மை கூடும் என்று சிலர் சொல்வதை என் அனுபவம் ஆதரிக்கவில்லை. வாசலுக்கோ சன்னலுக்கோ மேல் புதிதாகக் கம்பி போட்ட கான்கிரீட் வைக்க வேண்டாம். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே உடைக்கும். வயிரம் பாய்ந்த பனஞ்சட்டமே அங்கே நிலைக்கும். பக்கத்து ஊர்களில் பனை வேலை தெரிந்த தச்சர் இன்னும் இருப்பார்கள்; இருக்கும்போதே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கூரைக்கு, நான்கு பக்கமும் சரிந்த அமைப்பு இருந்தால் மாற்றாதீர்கள். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, அதன் பிறகு நான் பார்த்த வீடுகளில் இரண்டு பக்கம் மட்டும் சரிந்து முக்கோணச் சுவர் எழுப்பியவையே அதிகம் சேதமாகியிருந்தன. நான்கு சரிவு வீடுகளில் பெரும்பாலும் ஓரத்து ஓடுகள்தான் பறந்திருந்தன. கடைசி இரண்டு வரிசை ஓட்டைச் சுண்ணாம்புப் பட்டையிட்டுக் கட்டிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் வீட்டைக் காக்க யாரும் அங்கே தங்கக் கூடாது என்பதை உங்கள் பக்கத்து நிபந்தனையாகவே வைத்துவிடுங்கள்.

கரையைப் பற்றி உறுதியானதையும் விவாதத்துக்கு உரியதையும் பிரித்துச் சொல்கிறேன். ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலூர் மாவட்டக் கரையோரத்தை ஆராய்ந்த ஓர் ஆய்வு, அலையாத்தி மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005-இல் சொன்னது. அதே ஆண்டு பரங்கிப்பேட்டைப் பக்கத்து ஊர்களை வைத்து அதே கருத்தைச் சொன்ன வேறொரு ஆய்வின் எண்களைப் பின்னர் மறுபடி கணக்கிட்டவர்கள், ஊரின் உயரமும் கடலிலிருந்து இருந்த தொலைவும்தான் உயிரிழப்பை அதிகம் விளக்குகின்றன என்றார்கள். ஆகவே மரம் நட்டுவிட்டால் பேரலைக்கு அஞ்ச வேண்டாம் என்று உங்களிடம் யாரும் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அன்றாட அலையும் படகு எழுப்பும் அலையும் கரையை அரிப்பதை அலையாத்தி வேர் தடுக்கும் என்பதிலும், வண்டலைப் பிடித்து வைக்கும் என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை.

நடுவது என்று முடிவு செய்தால் மரத்தை நினைக்குமுன் நீரோட்டத்தை நினையுங்கள். பிச்சாவரத்தில் காட்டைப் பகுதி பகுதியாக வெட்டிய இடங்கள் தாழ்ந்து, ஏறிய கழிநீர் வடியாமல் தேங்கி, வெயிலில் உப்பு செறிந்து எதுவும் முளைக்காமல் கிடந்தன. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, நீர் ஏறி இறங்க வழிசெய்த பிறகே அங்கே வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் தழைத்தது. நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே அரையடி மேடு பள்ளம்கூட ஒரு கன்றின் வாழ்வைத் தீர்மானிக்கிறது. நீரோரத்தில் சுரபுன்னை, அதற்குச் சற்று மேலே வெண்கண்டல், இன்னும் மேட்டில் தில்லை என்று இயற்கையாக அடுக்கி வந்திருப்பதைக் கவனித்து அதன்படி செய்யுங்கள். தில்லையை வெட்டும்போது பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பார்வையையே பாதிக்கும். கடலைப் பார்த்த பக்கத்தில் மணல்மேடு இருந்தால் அடும்புக்கொடியையும் இராவணன் மீசையையும் அழகில்லை என்று பிடுங்கிவிடாதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பது அவைதான், மணல்மேடு இல்லையென்றால் மேலே சொன்ன நன்னீருக்கு இருப்பிடம் இல்லை. சவுக்கு வேண்டாம், அதன் சருகு மண்டிய இடத்தில் கொடிகள் படர்வதில்லை. புன்னை, பூவரசு, பனை, தாழை போதும். ஆடு வளர்த்தால் கட்டி வளர்க்க வேண்டும்.

விடுதி யோசனைக்கு வருகிறேன். பிச்சாவரம் அலையாத்திக் காடு 2022-இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. உங்கள் திட்டு அதற்கும் காப்புக்காட்டுக்கும் எவ்வளவு அருகில் என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். 2019-ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, கழித்திட்டுகளில் உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது ஏற்றத்தின்போது நீர் வந்து தொடும் எல்லையிலிருந்து, 20 மீட்டர் வரை கட்டுமானம் கூடாது. 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்தி இருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டர் காப்பு வளையம் உண்டு. இருக்கும் அனுமதி பெற்ற வீட்டை அதே அடிப்பரப்புக்குள் பழுதுபார்க்க இடமிருக்கிறது. உங்கள் ஒன்றரை ஏக்கர் இடத்தில் இந்தக் கோடுகளைப் போட்டுப் பார்த்தால் மிஞ்சுவது எவ்வளவு என்று நீங்களே காண்பீர்கள். ஆனால் சட்டம் நாளை மாறலாம், கிணறு மாறாது. நாளொன்றுக்குப் பத்து விருந்தினர் குளித்துத் துவைத்துப் போனால், ஒரே கோடையில் அந்தக் கிணறு உப்பாகும். அதன்பின் விடுதியும் நடக்காது, வீட்டிலும் யாரும் இருக்க முடியாது, தென்னையும் காயத் தொடங்கும். உறவினர்களிடம் சட்டத்தைப் பேசுவதைவிட இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். இறால் குட்டைக்குக் குத்தகை கேட்டு யாராவது வந்தால் அதற்கும் இதே பதில்.

கடைசியாக, பார்த்துவரும் குடும்பத்தைப் பற்றி. உங்கள் கேள்வியில் அவர்களுக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. இருபது ஆண்டாக அந்த வீடு நிற்கிறது என்றால் அவர்கள் அங்கே அடுப்பு மூட்டுவதால், ஓடு விலகினால் அன்றே சரி செய்வதால், கிணற்றை அளவோடு மொள்வதால் நிற்கிறது. ஆள் இல்லாத வீடு கழியில் ஐந்து மழைக்காலம்கூடத் தாங்காது. அவர்களுக்கு மாதச் சம்பளம் தருகிறீர்களா, தேங்காய் மட்டும்தானா? எதுவாயினும் இரு தரப்பும் படித்துக் கையெழுத்திட்ட ஒரு தாளில் இருக்கட்டும். எந்த வேலைக்கு எவ்வளவு, படகுச் செலவு யாருடையது, மருத்துவத்துக்கு என்ன ஏற்பாடு, அவர்கள் பிள்ளைகள் கரைக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் வர வேண்டும். தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கு உரிமை எதுவும் உருவாகியிருக்கிறதா என்பதை வழக்கறிஞரிடம் நேர்மையாகக் கேளுங்கள். அவர்களை வெளியேற்றும் வழி தேடுவதற்காகக் கேட்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

முதல் பயணத்தை மாட்டுப் பொங்கல் கழிந்த வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் கிணறு ஆண்டின் உச்சத்தில் இருக்கும். உறையின் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் எத்தனை அங்குலம், உப்பு எவ்வளவு என்று அளந்து, தேதியோடு உள்சுவரில் கரியால் எழுதிவிடுங்கள். பிறகு ஆடி முடிவில் ஒருமுறை, அடுத்த தையில் ஒருமுறை. மூன்று வரி சேர்ந்ததும் அந்த இடம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு என் பதில் தேவைப்படாது. அதே பயணத்தில் பார்த்துவரும் அண்ணனிடம், இதற்கு முன் கிணறு எங்கே இருந்தது என்று கேளுங்கள். இந்தத் திட்டுகளில் ஒரே கிணற்றோடு ஒரு குடும்பம் தலைமுறைகளைக் கழித்தது அரிது; திட்டு நகர நகர ஊற்றும் நகர்ந்திருக்கும். தூர்ந்த உறைகள் தோப்புக்குள் எங்காவது மண்மூடிக் கிடக்கும். அவை கிடக்கும் வரிசையைப் புல வரைபடத்தில் குறித்துக்கொண்டு வந்தால், பத்திரங்களின் நான்கெல்லை வரிகளோடு அதை வைத்துப் பார்ப்பதில் என்னால் முடிந்த உதவியைச் செய்கிறேன்.